ஒரே ஆண்டில் இரண்டு ஐரோப்பிய வாகையர்: 2000–01 கூடைப்பந்துப் பருவம்

2001 மே 10 அன்று இத்தாலியின் பொலோனியா நகரில் கிண்டர் பொலோனியா அணி ஐரோப்பிய வாகையர் பட்டத்தை வென்றது. மூன்று நாள் கழித்து, மே 13 அன்று, பாரிஸின் பெர்சி அரங்கில் மக்காபி டெல் அவிவ் அணியும் ஐரோப்பிய வாகையர் பட்டத்தை வென்றது. இரண்டுமே ஆடவர் கிளப் கூடைப்பந்தின் முதல்நிலைப் பட்டங்கள். அந்தப் பருவத்தில் இவ்விரு அணிகளும் ஒரே போட்டித் தொடரில் இடம்பெறவே இல்லை. வாகையர் பட்டியல்களில் 2001ஆம் ஆண்டுக்கு எதிரே இன்றும் இரண்டு பெயர்கள் அச்சிடப்படுகின்றன.

விளையாட்டு வரலாற்று நூல்களில் இது பெரும்பாலும் ஒரு வினோதச் செய்தியாகவே கடந்து போகிறது. ஆனால் ஓர் ஆட்டத்தின் மீது உரிமை யாருக்கு, பட்டத்தை வழங்கும் அலுவலகத்துக்கா, களத்தில் இறங்கும் அணிக்கா என்ற கேள்வி அந்த ஒரு பருவத்தில் வெளிப்பட்டதுபோல் வேறெப்போதும் வெளிப்பட்டதில்லை. சித்தூரிலோ திருப்பதியிலோ கூடைப்பந்து ஆடும் ஒரு மாணவர் அறிந்த பாதை பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று செல்வது. கிளப் என்பது அந்தப் பாதையில் இல்லை. ஆகவே ஐரோப்பியர்களின் இச்சண்டை இங்கிருந்து பார்க்கும்போது வேறொரு பொருள் கொள்கிறது.

ஐரோப்பிய வாகையர் கோப்பை 1958இல் தொடங்கியது. பிரெஞ்சு விளையாட்டு நாளேடான லெகிப் அதன் தொடக்கத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது. ரீகா நகரின் ஏ.எஸ்.கே. அணி முதல் மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது. போட்டியை நடத்தும் அதிகாரம் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவிடம் இருந்தது. (கால்பந்தின் ஃபிஃபாவோடு இதைக் குழப்பிக்கொள்ளும் பிழை தமிழ் நாளேடுகளில் இன்னும் நீங்கவில்லை.) 1988இல் கென்ட் நகரில் நால்வர் இறுதிச் சுற்று புகுந்தது. நான்கு அணிகள் ஒரே நகரில் கூடி, மூன்று நாளுக்குள் பட்டத்தை முடிவு செய்யும் முறை அது. தொலைக்காட்சிக்கு அது உகந்தது. கிளப்புகளுக்கோ ஓராண்டு உழைப்பு ஓர் இரவில் முடிவாவது உவப்பாக இல்லை. அந்த ஓர் இரவின் வருவாயில் தமக்குச் சேரும் பங்கும் அவற்றுக்கு உவப்பாக இல்லை.

1991இல் ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளின் லீக்குகள் கூடி யூலெப் என்ற ஒன்றியத்தை அமைத்தன. அப்போது அது ஒரு பேச்சுவார்த்தை மேடை அளவிலேயே இருந்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பாஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்பு கால்பந்து வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் வந்ததாயினும், கூடைப்பந்தையும் அசைத்தது. ஐரோப்பிய ஒன்றிய வீரர்கள் நாடு விட்டு நாடு தடையின்றிப் பெயர்ந்தனர். ஊதியங்கள் ஏறின. ஊதியம் தருவது கிளப், தொலைக்காட்சி உரிமையை விற்பது ஃபிபா என்ற ஏற்பாடு நெடுநாள் தாங்கக்கூடியதாக இல்லை. 2000இல் யூலெப் தனியொரு நிறுவனத்தை உருவாக்கித் தன் போட்டியைத் தானே நடத்த முன்வந்தது. ஹோர்டி பெர்தொமேயு அதன் தலைமைச் செயலர் ஆனார். ஸ்பானியத் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிஃபோனிகா அதற்குப் பொருளுதவி செய்தது.

இங்கே ஒரு சிறு சட்ட விவரம் பெரும் விளைவை உண்டாக்கிற்று. 1996 முதல் ஃபிபா தன் போட்டியை யூரோலீக் என்ற பெயரில் நடத்தி வந்தது. அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்யவில்லை. புதிய நிறுவனம் அதையே எடுத்துக்கொண்டது. நாற்பதாண்டுக்கும் மேலாகப் போட்டியை நடத்திய சம்மேளனம் தன் போட்டிக்குப் புதிதாக ஒரு பெயர் தேட வேண்டியதாயிற்று. சுப்ரோலீக் என்ற அப்பெயர் ஒரே ஒரு பருவம் வாழ்ந்தது. அலுவலகங்கள் தங்கள் அதிகாரத்தை இயற்கை நியதி என்று நம்பத் தொடங்கும்போது பத்திரங்களைப் புதுப்பிக்க மறந்துவிடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

2000 அக்டோபர் 16 அன்று மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் அணியும் ஒலிம்பியாகோஸ் அணியும் மோத, புதிய யூரோலீக் தொடங்கியது. அதில் 24 அணிகள். சுப்ரோலீக்கில் 20 அணிகள். நாடுகளின் எல்லைப்படி இப்பிரிவு அமையவில்லை. நாடுகளுக்குள்ளேயே கோடு விழுந்தது. ஏதென்ஸின் ஒலிம்பியாகோஸும் ஏ.இ.கே.யும் யூரோலீக்கில், அதே பெருநகரின் பானாதினாய்கோஸ், அப்போதைய நடப்பு வாகையர், ஃபிபாவின் பக்கம். டெல் அவிவின் மக்காபி ஒருபுறம், ஹாபோயெல் ஜெருசலேம் மறுபுறம். பொலோனியாவின் இரு அணிகளும் திரெவீசோவும் வெரோனாவும் யூலெப்போடு சேர, பெசாரோவும் சியெனாவும் ஃபிபாவோடு நின்றன. லித்துவேனியாவில் ஷல்கிரிஸ் ஓரிடத்தில், லியெத்துவோஸ் ரீதாஸ் வேறிடத்தில். ஸ்பானிய கிளப்புகள் மட்டுமே ஒருசேர யூலெப்பின் பக்கம் நின்றன. துருக்கியின் ஈஃபெஸ் பில்சனும் உல்கரும் ஒருசேர ஃபிபாவின் பக்கம். அந்த ஆண்டு ஏதென்ஸில் ஒரு ரசிகர் தம் பரம எதிரி அணியை ஐரோப்பியக் களத்தில் எதிர்கொள்ளும் வாய்ப்பையே இழந்தார். கூட்டம் வருவதே அந்தப் பகைக்காகத்தான்.

முன்னாள் யுகோஸ்லாவிய கிளப்புகளின் நிலை தனியே நோக்கத்தக்கது. ஸ்பிளிட் நகர அணி 1989, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியப் பட்டம் வென்றது. அதற்குள் அது சேர்ந்திருந்த நாடு சிதையத் தொடங்கிவிட்டது. 1992இல் பெல்கிரேடின் பார்ட்டிசன் பட்டம் வென்றபோது, போர்ச் சூழல் காரணமாகத் தன் சொந்தக்கள ஆட்டங்களை ஸ்பெயினின் ஃபுவென்லப்ராதாவில் ஆடியிருந்தது. 2000–01இல் இந்நிலத்தின் கிளப்புகள் மூன்று தனி நாடுகளிலிருந்து வந்து இரண்டு போட்டிகளிலும் பரவிக் கிடந்தன. சதார், சிபோனா, ஒலிம்பியா, புதூச்நோஸ்ட் யூரோலீக்கில். பார்ட்டிசன், ஸ்பிளிட், கிர்கா சுப்ரோலீக்கில். ஒரு நாடு உடைந்தது, ஐரோப்பியப் போட்டியும் உடைந்தது. இந்த கிளப்புகள் உடையவில்லை. அவற்றை நிலைநிறுத்தியது மாநில எல்லையோ சம்மேளன முத்திரையோ அன்று, ஊர்.

ஊர் என்ற சொல்லின் அளவை இங்கே கவனிக்க வேண்டும். யூரோலீக் இறுதியில் கிண்டர் பொலோனியாவை எதிர்கொண்டது ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலுள்ள விட்டோரியா நகரின் டாவ் செராமிகா. 2001இல் விட்டோரியாவின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். அதே ஆண்டின் இந்தியக் கணக்கெடுப்பில் திருப்பதி நகரின் மக்கள்தொகையும் இரண்டு லட்சத்துச் சொச்சமே. திருப்பதி அளவிலான ஓர் ஊர், 1959இல் தோன்றிய தன் கிளப்பைக் கொண்டு, ஐரோப்பியப் பட்டத்துக்கு ஒரே ஒரு வெற்றி தொலைவு வரை வந்தது. அதன் அரங்கு தாங்கியிருந்த பெயர் ஃபெர்னாண்டோ புவேசா. 2000 பிப்ரவரியில் ஈ.டி.ஏ. இயக்கத்தின் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட உள்ளூர் சோஷலிச அரசியலர் அவர். ஊரின் துயரம் அரங்கின் பெயராயிற்று. அந்த அரங்கில்தான் இறுதித் தொடரின் மூன்றாம், நான்காம் ஆட்டங்கள் நடந்தன.

யூலெப் நால்வர் சுற்றைக் கைவிட்டு, ஐந்தில் மூன்று வெல்வோர்க்கே பட்டம் என்று வகுத்திருந்தது. அரையிறுதியில் பொலோனியாவின் இரு அணிகளே மோதின. கிண்டர் தன் ஊர்ப் பகையான பாஃப் அணியை 3–0 என்று வென்றது. டாவ் அதேபோல் ஏ.இ.கே.யை வென்றது. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் டாவ் பொலோனியாவிலேயே 78–65 என்று வென்று அதிர்ச்சி தந்தது. இரண்டாம் ஆட்டத்தில் கிண்டர் 94–73. மூன்றாவதில் விட்டோரியாவில் கிண்டர் 80–60. நான்காவதில் டாவ் 96–79. வெற்றி இரு பக்கமும் மாறிச் சாய்ந்தது. ஓர் இரவு முறையில் இவற்றுள் ஏதேனும் ஒன்றே வரலாறாகியிருக்கும். ஐந்தாவதில் கிண்டர் 82–74 என்று வென்றது. எத்தோரே மெஸ்ஸினா அதன் பயிற்சியாளர். இறுதித் தொடரின் சிறந்த வீரராக அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி தேர்வானார். எதிரணியில் ஆடியவர்களுள் லூயிஸ் ஸ்கோலாவும் ஃபாப்ரிசியோ ஒபெர்தோவும் அர்ஜென்டினியரே. மூன்றாண்டு கழித்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், இம்மூவரும் ஒரே அணியில் தங்கம் வென்றனர். தென்னமெரிக்காவின் ஒலிம்பிக் தங்கம் ஐரோப்பாவின் நடுத்தர ஊர்களில் பதப்பட்டது என்று கூறினால் மிகையாகாது.

பாரிஸ் இறுதி அவ்வளவு நெருக்கமாக இல்லை. மக்காபி அரையிறுதியில் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவை 86–80 என்றும், இறுதியில் பானாதினாய்கோஸை 81–67 என்றும் வென்றது. முந்தைய ஆண்டு தெசலோனிகியில் இதே எதிரணியிடம் 73–67 என்று தோற்றதற்கு அது ஈடு.

இரண்டில் எது உண்மையான பட்டம்? யூரோலீக்கில் ஆழம் அதிகம் என்பது பரவலான கருத்து. ஸ்பானிய கிளப்புகள் முழுவதும் அங்கிருந்தன என்பது அதற்கு வலுவான வாதம். ஆனால் முந்தைய ஆண்டின் இறுதியாட்டத்தில் மோதிய இரு அணிகளும் சுப்ரோலீக்கில் இருந்தன என்பதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆடப்படாத ஆட்டத்தின் முடிவை ஆய்வாளர் எவரும் எழுதிவிட முடியாது. இரு பெயர்களையும் பட்டியலில் வைத்தது நேர்மையான தீர்வு.

இந்த ஏற்பாடு மறு பருவம் நீடிக்கவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் பாதி ஐரோப்பா தேவைப்படவில்லை. 2001–02இல் இரு தரப்பின் முன்னணி அணிகளும் மீண்டும் ஒரே போட்டியில், யூரோலீக் என்ற பெயரில், புதிய நிறுவனத்தின் கையில் சேர்ந்தன. அலுவலகம் தோற்றது. அதன் போட்டி முறையோ வென்றது. நால்வர் இறுதிச் சுற்று திரும்பி வந்தது. 2002 மே மாதம் அச்சுற்று பொலோனியாவில் நடந்தபோது வரலாறு தன் கணக்கை விசித்திரமாகத் தீர்த்தது. அரையிறுதியில் பானாதினாய்கோஸ் மக்காபியை 83–75 என்று வென்றது. இறுதியில் கிண்டரை, அதன் சொந்த ஊரிலேயே, 89–83 என்று வென்றது. 2001இன் இரு வாகையரும் அடுத்தடுத்து ஓர் அணியிடம் தோற்றனர். அது, பாரிஸில் தோற்ற அணி.

கிளப்புகளின் வெற்றியைக் கொண்டாட்டமாக மட்டும் எழுதுவதும் பிழை. 2001இல் இத்தாலிய லீக், இத்தாலியக் கோப்பை, ஐரோப்பியப் பட்டம் மூன்றையும் ஒருசேர வென்ற பொலோனியா கிளப், 2003இல் கடன் சுமையால் முதல்நிலை லீக்கில் தன் இடத்தையே இழந்தது. வேறு வழிகளில் அது மீண்டு வந்தது உண்மை. 2016இல் ஃபிபா தனிப் போட்டி ஒன்றைத் தொடங்க, பழைய சண்டை புது வடிவில் மூண்டது. அப்போது யூரோலீக் 16 அணிகளாகச் சுருங்கியது. அவற்றுள் 11 கிளப்புகள் நீண்டகால உரிமம் பெற்றிருந்தன. 2000இல் கதவைத் தட்டியவர்களே உள்ளே சென்று தாழிட்டுக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு.

இந்தியாவில் கூடைப்பந்து வேறொரு வழியில் வந்தது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த ஆட்டம் அது. அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னை மாகாணத்துப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர் பலர் அங்கே உருவானவர்கள். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டமும் அன்று அந்த மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆட்டம் இங்கே ஆசிரியரின் கையில், பள்ளித் திடலில், கல்வியின் ஒரு பகுதியாக வேரூன்றியது. ஊரார் சந்தா கட்டி வளர்க்கும் கிளப்பாக அது வளரவில்லை. பிற்காலத்தில் வலுவான அணிகளை உருவாக்கியவை வங்கிகளும் ரயில்வேயும். சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணியும் ஐ.சி.எஃப். அணியும் நல்ல சான்றுகள். பொலோனியாவின் அணி சாக்லேட் பெயரைத் தாங்கியது, விட்டோரியாவின் அணி ஓடு நிறுவனப் பெயரைத் தாங்கியது. ஆயினும் விளம்பரதாரர் மாறினாலும் கிளப் ஊரிலேயே இருந்தது. வங்கி அணியில் ஆடுபவரோ வங்கியின் ஊழியர். அவருக்குப் பணி நிலைத்தது. அது சிறிய கொடையன்று. ஆனால் பணி ஆணை எங்கு அனுப்புகிறதோ அதுவே அவரது களம்.

மாநில அடிப்படையில் அமைந்த தேசியப் போட்டியில் நிர்வாக எல்லையே அணியின் எல்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர்க்காரர் ஒருவர் இருந்த இடத்திலிருந்து அசையாமலே சென்னையின் வீரராக இருப்பது முடிவுற்றது. அடுத்த ஆண்டு தோன்றிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இப்பகுதி மாணவர்க்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான களத்தைத் திறந்தது. படிப்பு முடிந்ததும் அக்களம் மூடிக்கொள்ளும். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. யுகோஸ்லாவியா மறைந்த பின்னும் ஸ்பிளிட்டின் இளைஞர் ஸ்பிளிட்டுக்கே ஆடினார். இங்கு அரசாணை ஒன்று வந்தால் யாருக்காக ஆடுவது என்பது மாறிவிடும்.

இதன் விளைவு 2015இல் தெளிவாகத் தெரிந்தது. 1950இல் அமைந்த இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்கு அவ்வாண்டு மார்ச் இறுதியில் இரண்டு தேர்தல்கள் நடந்தன. பெங்களூருவில் கர்நாடகக் காங்கிரஸ் அரசியலர் கே. கோவிந்தராஜ் தலைவராகத் தேர்வானார். புனேயில் பாரதிய ஜனதா நாடாளுமன்ற உறுப்பினர் பூனம் மகாஜன் தலைவராகத் தேர்வானார். ஃபிபா கோவிந்தராஜ் தரப்பை ஏற்றது. 2001இல் ஐரோப்பாவில் இரு தரப்பும் அணிகளைத் திரட்டி அவரவர் போட்டியை ஆடிக் காட்டின. பிளவு 44 அணிகளுக்கு ஆட்டங்களாயிற்று. இங்கே இரு தரப்பிடமும் திரட்டுவதற்கு கிளப் இல்லை. மாநிலச் சங்கங்களின் வாக்குகளும் அங்கீகாரக் கடிதங்களுமே இருந்தன. அதே ஆண்டு அமெரிக்க முதலீட்டில், சம்மேளனத்துக்கு வெளியே, யு.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. அதன் எட்டு அணிகளுள் சென்னை ஸ்லாம், ஹைதராபாத் ஸ்கை முதலிய பல நகரப் பெயர்களைத் தாங்கின. 2017க்குப் பின் அது நடைபெறவில்லை. பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் ஊர் இல்லை.

1999இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. வீரர் தேர்வில் ஜினோபிலி 57ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார். அது ஏறக்குறையப் பட்டியலின் கடைசி. அவர் உடனே செல்லவில்லை. ரெஜ்ஜோ கலாப்ரியாவிலும் பொலோனியாவிலும் மூன்று பருவங்கள் ஆடி, ஐரோப்பிய வாகையராகி, 2002இல் தான் சான் அன்டோனியோ சென்றார். 2015 ஜூனில், சம்மேளனம் இரண்டாகக் கிடந்த அதே கோடையில், பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங் 52ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார், என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே. லூதியானாவில் பயின்று, பதின்ம வயதிலேயே உதவித்தொகையில் அமெரிக்காவின் தனியார் பயிற்சிக் கழகத்துக்குச் சென்றவர். அப்போது அவருக்கு வயது 19. எடுத்த அணியான டல்லஸுக்காக என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடாமல், இரண்டு பருவங்களை அதன் துணை லீக்கில் கழித்தார். பக்குவப்படும் வரை ஆண்டு முழுதும் ஆடுவதற்குத் தாய்நாட்டில் ஒரு கிளப் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 2021இல் அவர் அமெரிக்காவின் தொழில்முறை மல்யுத்த நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.